எட்டு ஃபாரங்களில் மீதமிருக்கும் ஆறு பக்கங்கள்

அன்புத் தோழிக்கு,

உன் கடிதம் வந்து மூன்று வாரங்களாகின்றன. படித்த அன்றே பதில் எழுத உட்கார்ந்தேன். ஆனால் மேசை மேல் மை காயாத பக்கம் ஒன்று கிடந்தது, அதற்குப் பின் இன்னொன்று வந்தது, அப்படியே நாட்கள் போய்விட்டன. நான் தொகுக்கும் சித்திரக்கதை நூலின் கடைசிக் கோப்பும் நேற்று அச்சகத்துக்குப் போய்விட்டது. பல மாதங்களுக்குப் பிறகு மேசை காலியாக இருக்கிறது. முதல் வேலையாக உனக்கு எழுதுகிறேன்.

கண்புரை அறுவை சிகிச்சைக்குப் பிறகு அம்மா நீல நிறத்தைப் புதிதாகப் பார்ப்பதாகச் சொல்கிறார் என்று எழுதியிருந்தாய். அந்த வரியை நான் பலமுறை படித்தேன். புரை முற்ற முற்றக் கண்ணின் லென்ஸ் மஞ்சளாகி நீலத்தைத் தடுத்துவிடும் என்பதால், அதை எடுத்ததும் உலகம் சற்று நீலம் கூடித் தெரிவது இயல்புதான். ஓவியர் மோனேவுக்கு 1923இல் இதே சிகிச்சை நடந்தபோது அவரும் இந்த மாற்றத்தை உணர்ந்திருக்கிறார். அம்மாவுக்கு ஒரு வண்ணப்பெட்டி வாங்கிக் கொடு. இப்போது அவர் பார்க்கும் நீலத்தை அவரே தீட்டிக் காட்டட்டும்.

என் அன்றாடத்தைப் பற்றிக் கேட்டிருந்தாய். காலையில் இரண்டரை மணி நேரம் என் சொந்தக் கதைக்கு. அதன் பிறகு மாலை வரை பாடநூல்களுக்கும் சிறுவர் இதழ்களுக்குமான படங்கள். இரவில் தொகுப்பு வேலை. இந்த ஒழுங்கை எப்பாடுபட்டாவது காப்பாற்றி வருகிறேன். சொந்த வேலையை இரவுக்குத் தள்ளினால் அது நடப்பதே இல்லை என்பதைப் பத்து ஆண்டுகளில் நன்றாகத் தெரிந்துகொண்டேன். ஒரு பக்கம் முடிய எனக்கு இன்றும் இரண்டரை நாட்கள் வேண்டும். உள்ளங்கை அளவில் சிறுபடமாகப் போட்டுப் பார்ப்பதற்கு அரை நாள், நீல பென்சிலில் வரைவதற்கு ஒரு நாள், மை போடுவதற்கு ஒரு நாள். வாசகர் அதே பக்கத்தை ஒரு நிமிடத்துக்குள் கடந்துவிடுவார். இது முன்பு எனக்கு வருத்தமாக இருந்தது, இப்போது இல்லை. கண் எங்கும் இடறாமல் அந்த ஒரு நிமிடம் ஓடுவதற்காகத்தான் அந்த இரண்டரை நாட்களும்.

கையைப் பற்றி நீ கவலைப்பட்டிருந்தாய். மணிக்கட்டு வலி இருக்கிறது. நாற்பது நிமிடத்துக்கு ஒரு முறை எழுந்து நடக்கிறேன், தோளிலிருந்து கோடு இழுக்கப் பழகுகிறேன். வலி கூடும் நாட்களில், 'பீனட்ஸ்' நாளிதழ்ச் சித்திரக்கதையை வரைந்த சார்லஸ் ஷூல்ஸை நினைத்துக்கொள்வேன். 1950 அக்டோபர் முதல் 2000 பிப்ரவரி வரை வெளியான 17,897 சித்திரப் பட்டைகளை அவர் உதவியாளர் எவரும் இன்றித் தாமே வரைந்தார், தாமே எழுத்தும் எழுதினார். பிற்காலத்தில் கை நடுங்கியபோது அந்த நடுக்கத்தையும் மறைக்காமல் கோட்டிலேயே விட்டார். அத்தனை ஆண்டுகளில் அவர் எடுத்துக்கொண்ட நீண்ட விடுப்பு, 1997இல் தமது 75ஆவது பிறந்தநாளையொட்டி எடுத்த ஐந்து வாரங்கள்தான். அவரைப் போல இருக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. அத்தகைய உழைப்பை எவரிடமும் எதிர்பார்க்கக் கூடாது என்பதே என் எண்ணம். ஆனால் நடுங்கிய கோடும் கோடுதான் என்பதை அவரிடமிருந்து எடுத்துக்கொண்டேன்.

இனி உன் முக்கியமான கேள்விக்கு வருகிறேன். "சொந்தக் கதைக்கே நேரமில்லை என்கிறாய், பிறகு எதற்காக ஓராண்டை மற்றவர்களின் கதைகளுக்குக் கொடுக்கிறாய்?" என்று கேட்டிருந்தாய். ஆரம்பத்தில் என்னிடமும் இதற்குப் பதில் இல்லை. குறுங்கதைகள் வரைபவர்களுக்கு வெளியிட இடமில்லை, தனி நூல் ஆகும் அளவுக்குப் பக்கங்களும் சேர்வதில்லை, ஆகவே பன்னிரண்டு பேர் சேர்ந்தால் ஒரு நூலாகுமே என்றுதான் தொடங்கினேன். பிறகு, பக்கங்களை வரிசைப்படுத்த உட்கார்ந்த அன்றுதான் நான் செய்வது என்ன வேலை என்பதே எனக்குப் புரிந்தது.

சித்திரக்கதையில் பக்கத்தைத் திருப்புவதும் ஒரு கருவி என்பது உனக்குத் தெரியும். திடுக்கிட வைக்கும் கட்டம் இடப்பக்கத்தில், அதாவது திருப்பியவுடன் வர வேண்டும். வலப்பக்கத்தில் வந்தால், எதிர்ப்பக்கத்தைப் படிக்கும்போதே கண்ணின் ஓரத்தில் அது தெரிந்துவிடும். தனி நூலில் இதை வரைபவரே பார்த்துக்கொள்வார். தொகுப்பில் கதை எந்தப் பக்கத்தில் தொடங்கும் என்பது அவருக்குத் தெரியாது. ஓர் இளைஞர் அனுப்பிய எட்டுப் பக்கக் கதையில், காணாமல் போனதாக எல்லோரும் நம்பியிருந்த அண்ணன் நான்காம் பக்கத்தின் முதல் கட்டத்தில் வாசலில் நிற்பான். கதையை வலப்பக்கத்தில் தொடங்கினால் நான்காம் பக்கம் திருப்பத்துக்குப் பின் வரும், நெஞ்சு ஒரு முறை நின்று அடிக்கும். இடப்பக்கத்தில் தொடங்கினாலோ மூன்றாம் பக்கம் முழுக்கத் தங்கை அழுதுகொண்டிருக்கையில் பக்கத்திலேயே அவன் நின்றுகொண்டிருப்பான், கதையே செத்துவிடும். அந்தக் கதையை வலப்பக்கத்தில் தொடங்க வைக்க வேண்டுமென்றால் அதற்கு முன் வரும் கதை இடப்பக்கத்தில், அதாவது இரட்டைப்படை எண்ணுள்ள பக்கத்தில் முடிய வேண்டும், அல்லது இடையே ஒரு தலைப்புப் பக்கம் சேர்க்க வேண்டும். அப்படிச் சேர்த்தால் அடுத்து வரும் எல்லாக் கதைகளும் ஒரு பக்கம் நகரும். வேறொருவரின் திருப்பம் கெடும். எல்லாப் பக்கங்களையும் தீப்பெட்டி அளவுக்கு அச்செடுத்துத் தரையில் பரப்பி, நான்கு இரவுகள் அவற்றை நகர்த்திக்கொண்டிருந்தேன். மற்றவர்களின் பக்கங்களை இப்படி ஒவ்வொரு கட்டமாகப் பார்த்த பிறகு என் சொந்தப் பக்கங்களுக்குத் திரும்பியபோது, எங்கெல்லாம் வாசகரின் கையை நம்பாமல் நானே எல்லாவற்றையும் சொல்லி முடித்திருக்கிறேன் என்பது பளிச்சென்று தெரிந்தது. உன் கேள்விக்கு என் பதில் இதுதான். இந்த ஓராண்டை நான் கொடுக்கவில்லை, பெற்றுக்கொண்டேன்.

எழுத்து வேலை தனிக்கதை. பாதிப் பேர் பேச்சுக்கான பலூனை முதலில் வரைந்துவிட்டு வசனத்தைப் பிறகு அதில் திணிக்கிறார்கள். நம் மொழிக்கு அது ஒத்துவராது. நம் சொற்கள் ஒன்றோடொன்று ஒட்டி நீள்பவை. "வந்துகொண்டிருந்திருக்கிறார்கள்" என்ற ஒரே சொல் பலூனின் அகலத்தை முழுக்க எடுத்துக்கொள்ளும். அதை எங்கே உடைத்தாலும் அடுத்த வரியின் தொடக்கம் பொருளற்ற துண்டாகிவிடும். மேலே சுழியும் ஈகாரமும் கீழே வால் நீளும் ஊகாரமும் மோதிக்கொள்ளாமலிருக்க வரிகளுக்கு நடுவே கூடுதல் இடமும் வேண்டும். ஆகவே எல்லோரிடமும் கெஞ்சிக் கேட்டுக்கொண்டேன்: முதலில் வசனத்தை எழுதுங்கள், சத்தமாகப் படியுங்கள், மூச்சு நிற்கும் இடத்தில் வரியை உடையுங்கள், அதன் பிறகு அதைச் சுற்றிப் பலூனை வரையுங்கள். இருவர் கோபித்துக்கொண்டார்கள். அவர்களில் ஒருவர் பிறகு தம் கதையின் வசனத்தில் மூன்றில் ஒரு பங்கை வெட்டி அனுப்பினார். தொகுப்பிலேயே எனக்கு மிகவும் பிடித்த கதை இப்போது அதுதான்.

ஒரு பெரிய தவறும் நடந்தது, அது என்னுடையது. சரிபார்ப்பதற்கான சோதனை அச்சு, அதாவது முதல் மெய்ப்பு வந்தபோது எல்லா எழுத்துகளின் ஓரத்திலும் மெல்லிய சிவப்பும் நீலமும் நிழலாகப் படிந்திருந்தன. அச்சு இயந்திரத்தின் கோளாறு என்று முதலில் நினைத்தேன். ஆனால் நான் கோப்புகளைத் திரைக்கான நிறமுறையில் வைத்திருந்து கடைசியில் ஒட்டுமொத்தமாக அச்சு நிறமுறைக்கு மாற்றியிருக்கிறேன். அப்படி மாற்றும்போது தூய கறுப்பு நான்கு மைகளின் கலவையாகிவிடும். மைக்கு ஒன்றாக உள்ள நான்கு அச்சுத் தகடுகளில் ஒன்று மயிரிழை விலகினாலும் எழுத்துக்கு நிழல் விழும். கோட்டையும் எழுத்தையும் கறுப்புத் தகட்டில் மட்டும் வைத்து, வண்ணத்தைத் தனி அடுக்காகப் பிரித்து எல்லாப் பக்கங்களையும் மறுபடி தயாரிக்க ஒன்பது நாட்களாயின. அந்த ஒன்பது நாட்களில் ஒரு நன்மையும் நடந்தது. பழைய ஸ்கேன்களில் சில அங்குலத்துக்கு 300 புள்ளி என்ற அடர்த்தியில்தான் இருந்தன. வண்ணத்துக்கு அது போதும், மைக்கோட்டுக்குப் போதாது, விளிம்பு மங்கிவிடும். அவற்றை எல்லாம் 1200இல் மீண்டும் ஸ்கேன் செய்து வாங்கினேன். புதிய மெய்ப்பில் ஒரு கிழவரின் புருவமயிர் ஒவ்வொன்றும் தனித்தனியாக நின்றதைப் பார்த்தபோது, வரைந்தவரைத் தொலைபேசியில் அழைத்துச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

ஒப்பந்தத்தைப் பற்றியும் உனக்குச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதை முதலில் பேசியவள் நீதான். பெயர் பெற்றவருக்கும் முதல் கதை வரைபவருக்கும் பக்கத்துக்கு ஒரே தொகை. எங்களுக்கு இந்தத் தொகுப்பில் வெளியிடும் உரிமை மட்டுமே. பதிப்புரிமையும் மூலப் பக்கங்களும் வரைந்தவருடையவை. அமெரிக்கச் சித்திரக்கதை ஓவியர் ஜாக் கிர்பி போன்ற ஒரு மேதை தாம் வரைந்த பக்கங்களைத் திரும்பப் பெறுவதற்காக 1980களில் ஆண்டுக்கணக்கில் போராட வேண்டியிருந்தது, 1987இல் கிடைத்ததும் ஒரு பகுதிதான் என்பதை நாம் இருவரும் படித்துக் கொதித்த அந்த இரவு நினைவிருக்கிறதா? ஜப்பானில் 1964இல் கட்சுயிச்சி நாகாய் தொடங்கிய காரோ சித்திரக்கதை இதழைப் பற்றியும் இப்போது அடிக்கடி யோசிக்கிறேன். வேறெங்கும் இடம் கிடைக்காதவர்களை அது வரைய விட்டது; ஆனால் பிற்காலத்தில் வரைந்தவர்களுக்குப் பணம் கொடுக்க அதனால் முடியவில்லை. அந்தச் சுதந்திரத்தின் மீது எனக்குப் பெரும் மதிப்பு உண்டு. இருந்தாலும், தொகை சிறியதானாலும் கொடுத்துத்தான் வெளியிடுவேன் என்று உறுதியாக இருந்தேன். அதனால்தான் 160 பக்கமாக நினைத்த நூல் 128 ஆனது, அட்டையில் போடுவதாக இருந்த சிறப்பு மையையும் விட்டுவிட்டோம்.

இந்த 128 என்ற எண்தான் நான் இவ்வளவு நீளமாக எழுதுவதற்குக் காரணம். நூல் 16 பக்க ஃபாரங்களாக, அதாவது ஒரே தாளில் அச்சாகி மடிக்கப்படும் தொகுதிகளாக அச்சாகிறது, எட்டு ஃபாரங்கள். முன்பக்கங்கள் 8, கதைகள் 108, வரைந்தவர்களைப் பற்றிய குறிப்புகள் 6; மொத்தம் 122. ஆறு பக்கங்கள் மீதமிருக்கின்றன. முன்னோட்ட ஓவியங்களைப் போட்டு நிரப்பலாம் என்கிறார்கள் நண்பர்கள். கடைசி ஃபாரத்தை மட்டும் நிறுத்தி வைக்கும்படி அச்சகத்தில் கேட்டிருக்கிறேன்.

உன் குடைக் கதை ஆறு பக்கங்கள். குடை பழுதுபார்க்கும் கிழவியின் கதை, ஒரு சொல்கூட இல்லாதது. அதன் ஒளிநகல் என் அலமாரியில் இத்தனை ஆண்டுகளாக இருக்கிறது. போன வாரம் எடுத்துப் பார்த்தேன். மூன்றாம் பக்கத்தில் வானம் முழுவதையும் கறுப்பு மையால் நிரப்பி, காய்ந்த பிறகு பிளேடால் சுரண்டி மழையை வரவழைத்திருக்கிறாய். ஒளிநகலில்கூட அந்தச் சுரண்டலின் சொரசொரப்பு தெரிகிறது. ஓரிடத்தில் பிளேடு ஆழமாக இறங்கித் தாளின் நார் எழுந்து நிற்பதும் தெரிகிறது. ஐந்தாம் பக்கக் கடைசிக் கட்டத்தில் அவள் கதவுக்கு இந்தப் பக்கம் நின்று, தட்டியது யாரென்று கேட்பதற்காகக் காதைச் சாய்த்திருக்கிறாள். உன் கதை 117ஆம் பக்கத்தில் தொடங்கும், ஒற்றைப்படை, வலப்பக்கம். அப்படியானால் ஆறாம் பக்கம் திருப்பத்துக்குப் பின்னால்தான் வரும்.

அந்த ஆறாம் பக்கத்தின் கடைசிக் கட்டத்தில் நீ மை போடவில்லை. பென்சில் கோடு மட்டும் இருக்கிறது. குழந்தையோடு உனக்கு நேரம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். வரைவதை விட்டுவிட்டதாக நீ எழுதியதையும் மறக்கவில்லை, அதை மாற்றச் சொல்லி உன்னை வற்புறுத்தவும் மாட்டேன். அந்த ஒரு கட்டத்துக்கு மை போட விருப்பமிருந்தால் போடு. இல்லையென்றால் பென்சில் கோட்டையே அப்படியே அச்சிடுகிறேன், அதுவும் நன்றாகத்தான் இருக்கும். மூலப் பக்கங்கள் உன்னிடம் இருந்தால் ஸ்கேன் செய்து அனுப்பு, 1200இல். மடிப்பு விழுந்திருந்தாலும் பரவாயில்லை, அதை நான் சரிசெய்துகொள்கிறேன். வேண்டாம் என்று நீ சொன்னாலும் எனக்கு வருத்தமில்லை, முன்னோட்ட ஓவியங்கள் தயாராக இருக்கின்றன. எதுவானாலும் இந்த மாதம் 25ஆம் தேதிக்குள் ஒரு வரி எழுதிவிடு. அதுவரைதான் அச்சகம் ஃபாரத்தை நிறுத்தி வைக்கும்.

அம்மாவுக்கு என் வணக்கம். குழந்தைக்கு முத்தங்கள்.

என்றும் அன்புடன்,
உன் தோழி