வாசிப்பறைத் திருப்பணி நிறைவு அறிக்கை

அன்புள்ள உறுப்பினர்களுக்கு வணக்கம்.

நம் மன்றத்தின் வாசிப்பறைத் திருப்பணி உங்கள் ஆதரவால் நல்லபடியாக நிறைவேறியது. கரையான் அரித்த அலமாரிகளை மாற்றிவிட்டோம். கூரை ஒழுகல் நின்றது. வரவு செலவுக் கணக்கைப் பொதுக்கூட்டத்தில் வைப்போம்.

விரிவாகச் சொல்ல வேண்டியது கிழக்குச் சுவரைப் பற்றித்தான். இரண்டாம் உலகப் போரில், ஜெர்மானியர் பிடித்திருந்த பிரான்சிலிருந்து பிரிட்டனுக்கு ரகசியமாக வானொலிச் செய்தி அனுப்பிய நூர் இனாயத் கானின் வாழ்க்கையை அங்கே வைக்கச் செயற்குழு முடிவு செய்தபோது மூத்தவர்கள் சிலர் மறுத்தார்கள். "நம் பாட்டிமார் வெள்ளையனை எதிர்த்துத் துப்பாக்கி ஏந்திய ஊரில், வெள்ளையனுக்கு உளவு பார்த்தவருக்கா சுவர்?" என்று கேட்டார்கள். தட்டிக்கழிக்கக் கூடிய கேள்வி இல்லை. 1943 அக்டோபர் 22 அன்று இங்கே சிங்கப்பூரின் வாட்டர்லூ ஸ்திரீட்டில், நேதாஜியின் இந்திய தேசிய ராணுவத்துப் பெண்கள் பிரிவான ஜான்சி ராணிப் படையின் பயிற்சி முகாம் திறந்தது. மலாயாவின் ரப்பர்த் தோட்டங்களிலிருந்து தமிழ்ப் பெண்கள் திரண்டு வந்தார்கள். அதே மாதம்தான் பாரிசில் நூர் பிடிபட்டார். திப்பு சுல்தானின் வழிவந்த அவரும் இந்திய விடுதலையை விரும்பியவரே. நாஜிகளை முதலில் வீழ்த்த வேண்டும் என்று நினைத்தார். இரு தரப்பையும் ஒரே சுவரில் வைப்பதென்று ஒத்துப்போனோம்.

நூர் 1914இல் மாஸ்கோவில் பிறந்தவர். தந்தை பரோடாவைச் சேர்ந்த வீணைக் கலைஞர், சூஃபி ஞானி. நூரும் வீணை வாசித்தார். புத்தரின் முற்பிறவிகளைச் சொல்லும் ஜாதகக் கதைகளைக் குழந்தைகளுக்காக எழுதினார். 1943 ஜூனில் நிலவொளியில் சிறு விமானத்தில் பிரான்சில் இறங்கினார். சில நாட்களிலேயே அவருடைய குழுவினர் பிடிபட்டார்கள். லண்டன் திரும்பி வரச் சொல்லியும் அவர் மறுத்தார். ஒரே இடத்திலிருந்து நெடுநேரம் செய்தி அனுப்பினால் ஜெர்மானியரின் தேடுதல் வண்டிகள் மோப்பம் பிடித்துவிடும். அதனால் வானொலிக் கருவியைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாக மாறினார். ஆறு வாரம் தாக்குப்பிடிப்பதே அரிது என்ற வேலையில் மூன்று மாதத்திற்கு மேல் நின்றார்.

அந்தப் பெட்டி வானொலி ஏறக்குறைய 15 கிலோ. நம் உறுப்பினர் ஒருவர் பலகையில் அதே அளவில் பெட்டி செய்து, உள்ளே மணல் மூட்டை வைத்துத் தந்தார். திறப்பு நாளன்று ஒரு சிறுமி இரு கைகளாலும் அதைத் தூக்கி, நான்கடி நடந்து, கீழே வைத்துவிட்டுத் தன் உள்ளங்கையில் பதிந்த சிவந்த கோட்டைப் பார்த்தாள்.

அனுப்பிய செய்திகளை நூர் நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைத்திருந்தார். அதைக் கைப்பற்றிய ஜெர்மானியர் அவர் அனுப்புவதுபோலவே செய்தி அனுப்பி லண்டனை ஏமாற்றினார்கள். இதையும் மறைக்காமல் எழுதியிருக்கிறோம். விசாரணையில் அவர் தோழர்களைக் காட்டிக்கொடுக்கவில்லை, தப்பிக்க முயன்றார், விலங்கோடு பல மாதம் தனிச்சிறையில் கிடந்தார். 1944 செப்டம்பர் 13 அன்று ஜெர்மனியின் டாகாவ் வதைமுகாமில் மேலும் மூன்று பெண்களுடன் கொல்லப்பட்டார். 1949இல் பிரிட்டனின் உயரிய வீர விருதான ஜார்ஜ் கிராஸ் அவருக்கு அளிக்கப்பட்டது.

முதல் பலகையில் 'தூக்கிலிடப்பட்டார்' என்று அச்சாகிவிட்டது. அவர் சுட்டுக் கொல்லப்பட்டவர். சரிபார்க்காதது எங்கள் தவறு, வருந்துகிறோம். புதுப் பலகை மாட்டியாயிற்று.

ஜான்சி ராணிப் படைப் பகுதியில் படங்களுக்கான இடம் இன்னும் காலியாக இருக்கிறது. உங்கள் வீட்டில் பாட்டியின் படமோ கடிதமோ இருந்தால் கொண்டு வாருங்கள். நகல் எடுத்துக்கொண்டு அன்றே திருப்பித் தருகிறோம்.

இவண்,
திருப்பணிக் குழு