மதுரை–சென்னை விமானத் தொலைவு, பயண நேரம்: பிழை திருத்தக் கோரும் புகார்

அனுப்புநர்:
விமானச்சீட்டு முன்பதிவு நிலையம், மதுரை.

பெறுநர்:
வாடிக்கையாளர் குறைதீர்ப்பு அலுவலர்,
பயணத் தகவல் சேவை நிறுவனம்.

ஐயா / அம்மையீர்,

நாங்கள் சந்தா கட்டிப் பயன்படுத்தும் உங்கள் சேவையில் மதுரை–சென்னை விமானத் தொலைவு 225 மைல், அதாவது 362 கி.மீ. என்றும், பறக்கும் நேரம் 25 நிமிடம் என்றும் வருகிறது. இதில் 225 மட்டுமே சரி. ஆனால் அது கடல் மைல். ஒரு கடல் மைல் 1.852 கி.மீ.; நீங்களோ தரை மைலுக்கான 1.609-ஆல் பெருக்கியிருக்கிறீர்கள். முறையாகப் பெருக்கினால் 417 கி.மீ. வரும். விடுபட்ட 55 கி.மீ. கிட்டத்தட்ட மதுரைக்கும் திண்டுக்கல்லுக்கும் உள்ள தூரம்.

தொலைவைவிட நேரக் கணக்குதான் ஆட்களை அலைக்கழிக்கிறது. 362-ஐ மணிக்கு 870 கி.மீ. என்ற வேகத்தால் வகுத்து 25 நிமிடம் எடுத்திருக்கிறீர்கள். அது ஜெட் விமானம் உயரத்தில் சீராகப் பறக்கும்போது உள்ள வேகம். இவ்வளவு குறுகிய தடத்தில் பாதிக்கு மேல் ஏறுவதிலும் இறங்குவதிலுமே போய்விடும். 10,000 அடிக்குக் கீழே 250 நாட், அதாவது மணிக்கு 463 கி.மீ. என்ற வரம்பும் உண்டு. இந்தத் தடத்தில் பறக்கும் ஏடிஆர் 72 காற்றாடி விமானமோ எவ்வளவு உயரம் போனாலும் மணிக்கு 510 கி.மீ. அளவில்தான் பறக்கும். மதுரை ஓடுபாதை கிழக்கு மேற்காக அமைந்தது. மேற்கிலிருந்து காற்று வீசும் காலத்தில், காற்றை எதிர்த்து மேற்கு நோக்கிக் கிளம்பித் திரும்பித்தான் வடகிழக்கே சென்னைக்குப் போக வேண்டும். சென்னையில் நெரிசல் இருந்தால் வானில் வட்டமடிக்கவும் நேரும். ஓடுபாதை வரை தரையில் உருளும் நேரமும் இதோடு சேரும். அதனால்தான் கால அட்டவணையில் ஜெட்டுக்கு ஏறக்குறைய 1 மணி 10 நிமிடமும், ஏடிஆருக்கு 1 மணி 25 நிமிடம் வரையிலும் ஒதுக்குகிறார்கள்.

உங்கள் 25 நிமிடத்தை நம்பி, சென்னையிலிருந்து வெளிநாட்டு விமானத்துக்கு இரண்டு மணி நேர இடைவெளியில் தனிச்சீட்டு கேட்டு வாடிக்கையாளர்கள் எங்களிடம் வருகிறார்கள். தனித்தனிச் சீட்டென்றால் பெட்டியைச் சென்னையில் எடுத்து, உள்நாட்டு முனையத்திலிருந்து பன்னாட்டு முனையத்துக்குப் போய், மறுபடி செக்-இன் செய்ய வேண்டும். அதற்குள் கவுண்டர் மூடிவிட்டால் இரண்டாவது சீட்டின் பணம் போனதுதான். தாமதமான முதல் விமான நிறுவனம் அதற்குப் பொறுப்பேற்காது. நாங்கள் எடுத்துச் சொன்னால், ‘செயலி வேறு மாதிரி சொல்கிறதே’ என்கிறார்கள். வளைகுடா வேலைக்குப் போகிறவர் சீட்டை இழந்தால், அது ஒரு குடும்பம் வாங்கிய கடன்.

மதுரை–கோயம்புத்தூருக்கும் இதே பிழைதான்: 95 கடல் மைலை 153 கி.மீ. ஆக்கி, 11 நிமிடம் என்று போட்டிருக்கிறீர்கள். சரியான தொலைவு 176 கி.மீ. ஆனால் இந்தத் தடத்தில் நேரடி விமானமே இல்லை. சென்னை வழியாகப் போனால் 820 கி.மீ. சுற்ற வேண்டும், காத்திருப்போடு அரை நாள் ஆகும். ஒட்டன்சத்திரம், தாராபுரம் வழியாகக் காரில் ஐந்து மணி நேரத்துக்குள் போய்விடலாம். விமானம் இல்லாத ஊர்களுக்கிடையே நேரம் காட்டவே கூடாது.

எனவே பெருக்கு எண்ணை 1.852 ஆக மாற்றுங்கள். தொலைவை வேகத்தால் வகுப்பதை விட்டுவிட்டு, விமான நிறுவனங்களின் கால அட்டவணை நேரத்தைக் காட்டுங்கள். அட்டவணை கிடைக்காவிட்டால், வகுத்து வரும் நேரத்தோடு குறைந்தது 30 நிமிடம் கூட்டி, ‘உத்தேசம்’ என்று எழுதுங்கள். ஏடிஆர் என்றால் அதன் வேகத்தாலேயே வகுக்க வேண்டும். நேரடி விமானம் இல்லையென்றால் அதை முதல் வரியிலேயே சொல்லுங்கள்.

திருத்தம் எந்தத் தேதியில் நடைமுறைக்கு வரும் என்பதை எழுத்தில் தெரிவிக்கவும். திருத்த இயலாதென்றால், சந்தாவில் மீதமுள்ள காலத்துக்கான தொகையைத் திருப்பித் தரவும். இரண்டு தடங்களுக்கும் உங்கள் சேவை காட்டிய பக்கங்களின் திரைப்படிகளை இணைத்துள்ளோம்.

இப்படிக்கு,
முன்பதிவு நிலையத்தார், மதுரை.