சுங்கை சிப்புட்டில் என்னைச் சும்மா இருக்கவிடாதவர்களுக்கு

அன்புள்ள எல்லாருக்கும் வணக்கம்.

பெயர் போட்டு எழுதினால் உங்களில் பாதிப் பேர் கூச்சப்பட்டுக்கொண்டு டவுனில் என்னைப் பார்க்காத மாதிரி போவீர்கள், மீதிப் பேர் ‘என்னை ஏன் கடைசியில் போட்டே’ என்று அம்மாவிடம் வந்து புகார் வைப்பீர்கள். அதனால் யார் பெயரும் போடவில்லை. படிக்கும்போது உங்களுக்கே தெரிந்துவிடும்.

விவரம் தெரியாதவர்களுக்கு மட்டும் சுருக்கமாக: ஷா ஆலாமில் ஒரு சரக்குப் போக்குவரத்து கம்பெனியில் கணக்குப் பிரிவில் இருந்தேன், அந்தப் பிரிவையே மூடி எங்கள் எல்லாரையும் ஆட்குறைப்பில் அனுப்பிவிட்டார்கள், வாடகை வீட்டைக் காலி செய்துவிட்டு, பேராக்கில் இருக்கிற நம் சுங்கை சிப்புட்டுக்கு, அம்மா வீட்டுக்கு வந்தேன். நாற்பதைத் தாண்டிய, கல்யாணம் ஆகாத பெண் பெட்டி படுக்கையோடு வந்து இறங்கினால் நம் ஊரில் என்ன பேசுவார்கள் என்று சொல்லத் தேவையில்லை. பேசினார்கள். புத்தியும் சொன்னார்கள். சிங்கப்பூர் போ, டியூஷன் எடு, ஆன்லைனில் ஏதாவது விற்றுப் பார், போன தீபாவளிக்கே அந்த ஈப்போ மாப்பிள்ளைக்குச் சரி சொல்லியிருக்கலாம். இப்போது உட்கார்ந்து யாருக்கு நன்றி சொல்வது என்று யோசித்தால் புத்தி சொன்ன ஒருவர் முகம்கூட ஞாபகத்துக்கு வரவில்லை. ‘சும்மாதானே இருக்கே, வா’ என்று தங்கள் வேலைக்குள் என்னை இழுத்துவிட்டவர்கள்தான் வருகிறார்கள். இந்த மடல் அவர்களுக்கு.

முதலில் என் பள்ளித்தோழி. மகாத்மா காந்தி கலாசாலையில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவள். நான் வந்த செய்தி கேட்டு வீட்டுக்கு வந்தவள், ஆறுதல் எதுவும் சொல்லாமல், ‘எஸ்ஐபி போட்டியா?’ என்று கேட்டாள். எனக்கு ஒன்றும் புரியவில்லை. மாதாமாதம் சம்பளச் சீட்டில் 0.2 விழுக்காடு என்று ஒரு சின்னத் தொகையைப் பிடிக்கிறார்களே, முதலாளியும் அதே அளவு கட்டுகிறாரே, அதுதான். சொக்சோ என்கிற தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனம் நடத்துகிற வேலைக் காப்புறுதி, 2018-இல் ஆரம்பித்தது. அத்தனை வருடம் மற்றவர்களின் சம்பளச் சீட்டில் அந்த வரியைத் தட்டித் தந்தவளே நான்தான், வேலை போனால் அதைக் கேட்கலாம் என்ற எண்ணம் மட்டும் வரவில்லை.

இதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன், ஏனென்றால் இந்த ஊரில் இன்னும் பலருக்குத் தெரியாது, பக்கத்துத் தாமானில் (குடியிருப்பில்) ஒரு தம்பி நாள் கடந்துபோய் நிற்கிறான். வேலை போன நாளிலிருந்து 60 நாளுக்குள் விண்ணப்பம் போட வேண்டும். நீங்களாக ராஜினாமா கடிதம் கொடுத்திருந்தால் கிடைக்காது, ஒப்பந்தக் காலம் முடிந்து நின்றாலும் கிடைக்காது, ஒழுங்கு நடவடிக்கையில் போனாலும் கிடையாது. ஆட்குறைப்பு, கம்பெனி மூடல், விருப்ப விலகல் திட்டம் இவற்றுக்கெல்லாம் உண்டு. எவ்வளவு நாள் சந்தா கட்டியிருக்கிறீர்கள் என்பதைப் பொறுத்து அதிகபட்சம் ஆறு மாதம் வரைக்கும் தருவார்கள். முதல் மாதம் சம்பளத்தில் 80 விழுக்காடு, இரண்டாவது மாதம் 50, அடுத்த இரண்டு மாதம் 40, கடைசி இரண்டு மாதம் 30. எவ்வளவு பெரிய சம்பளமாக இருந்தாலும் 6,000 வெள்ளி (ரிங்கிட்) வரைக்கும்தான் கணக்கில் எடுப்பார்கள். சும்மா உட்கார்ந்து வாங்க முடியாது, வேலை தேடியதற்கு ஆதாரம் காட்டிக்கொண்டே இருக்க வேண்டும். நடுவிலேயே வேலை கிடைத்துவிட்டால் மிச்சம் வரவேண்டிய தொகையில் கால் பங்கை மொத்தமாகக் கொடுப்பார்கள் என்பது நிறையப் பேருக்குத் தெரியாத விஷயம். யாராவது ‘நீயே கையெழுத்துப் போட்டு நின்னுக்கோ, உனக்கு நல்லது’ என்று ராஜினாமா தாளை நீட்டினால் அவசரப்பட்டுக் கையெழுத்துப் போடாதீர்கள்.

அந்தப் பணம்தான் அம்மாவிடம் கை நீட்டாமல் என்னைக் காப்பாற்றியது. தோழிக்கு நன்றி என்று சொன்னால் திட்டுவாள், அதனால் எழுதுகிறேன்.

அடுத்து மண்டோர் அண்ணன், தோட்டத்து மேஸ்திரி. அப்பா காலத்தில் ரப்பர் பால் வெட்டிய தோட்டம் அது, இப்போது கண்ணுக்கெட்டிய வரை செம்பனைதான், எண்ணெய்க்கு வளர்க்கிற பனை. அப்பாவோடு பெரட்டுக்கு (காலையில் ஆள் கணக்கெடுப்புக்கு) நின்றவரின் மகன் இவர். ஒரு நாள் சாயங்காலம் அம்மாவுக்கு மரவள்ளிக்கிழங்கு கொடுக்க வந்தவர், நான் வாசலில் உட்கார்ந்து சுவரைப் பார்த்துக்கொண்டிருந்ததைப் பார்த்துவிட்டு, ‘தங்கச்சி, கூகைப் பெட்டி பார்த்திருக்கியா’ என்றார். கூகை, அதாவது ஆந்தை, என்றதும் உள்ளேயிருந்து அம்மா, ‘விளக்கு வைக்கிற நேரத்துல அந்தப் பேரைச் சொல்லாத’ என்று குரல் கொடுத்தார். அண்ணன் சிரித்துக்கொண்டே மோட்டாரை ஸ்டார்ட் பண்ணினார்.

செம்பனைக்கு எலி பெரிய எதிரி, காயையும் தின்னும், பழத்தையும் தின்னும். அதற்கு மருந்து வைத்தால் மருந்து தின்ற எலியைத் தின்று மற்ற பிராணிகளும் சாகும். அதனால் பல தோட்டங்களில் கம்பம் நட்டு, மேலே மரப்பெட்டி வைத்து, கூகையைக் குடியேற்றியிருக்கிறார்கள். ஐந்து ஹெக்டருக்கோ பத்து ஹெக்டருக்கோ ஒரு பெட்டி என்று கணக்கு. ஒரு ஜோடியும் குஞ்சுகளும் சேர்ந்து வருடத்துக்கு ஆயிரத்துக்கு மேல் எலி பிடிக்கும் என்று அண்ணன் சொன்னபோது, சும்மா விடுகிறார் என்றுதான் நினைத்தேன். பெட்டிக்குக் கீழே கிடந்ததைப் பார்த்த பிறகு நம்பினேன். கூகை எலியை முழுசாக விழுங்கிவிட்டு, செரிக்காத எலும்பையும் மயிரையும் கறுப்பு உருண்டையாகக் கக்கிப் போட்டுவிடும். கையுறை போட்டுக்கொண்டு (எலிக்காய்ச்சல் பயம், அண்ணனின் கண்டிப்பான உத்தரவு) அந்த உருண்டைகளைப் பொறுக்கி வந்து, வெந்நீரில் ஊறப்போட்டு, பல் குத்தும் குச்சியால் பிரித்தால் உள்ளே எலி மண்டையோடு அப்படியே இருக்கும், முன்பல் மட்டும் ஆரஞ்சு நிறத்தில். தாடை, விலா, தொடை எலும்பு என்று வெள்ளைத் தாளில் வரிசையாக வைத்து ஒட்ட ஆரம்பித்தேன். ஒரு உருண்டைக்குள் இரண்டு மண்டையோடு கிடைத்தால் லாட்டரி விழுந்த சந்தோஷம். யாராவது பொழுதுபோக்கு என்னவென்று கேட்டால் இதைச் சொல்வதா வேண்டாமா என்று இன்னும் குழப்பமாகத்தான் இருக்கிறது.

கூகை நாம் நினைக்கிற மாதிரி ‘ஹூ ஹூ’ என்று கத்தாது, சீறும். இருட்டில் முதல் தடவை கேட்டபோது பாம்பென்று நினைத்து அண்ணனின் முதுகைப் பிடித்துக்கொண்டேன். குலை வெட்டுகிற வங்காளதேசத் தம்பிகள் இரண்டு பேர் அன்றைக்கு விழுந்து விழுந்து சிரித்தார்கள். அவர்களுக்கும் நன்றி, அதற்குப் பிறகு எந்தப் பெட்டியில் குஞ்சு இருக்கிறது என்று எனக்குத் தவறாமல் தகவல் சொல்பவர்கள் அவர்கள்தான். அண்ணா, அம்மா உங்களை இன்னும் திட்டுகிறார்கள், ஆனால் எலும்பு ஒட்டுகிற பசையை டவுனிலிருந்து வாங்கி வந்து கொடுத்ததும் அவர்கள்தான், அதையும் தெரிந்துகொள்ளுங்கள்.

சைக்கிள் கடை அங்கிளுக்கு வருகிறேன். சீனர், ஆனால் என்னைவிட நல்ல தோட்டத்துத் தமிழ் பேசுவார், கெட்ட வார்த்தைகள் உட்பட. அப்பாவின் பழைய சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனேன், பார்த்துவிட்டு, ‘இது செத்துப்போச்சுமா’ என்று சொல்லி, கடைக்குள்ளிருந்து வேறொன்றை எடுத்து, ‘ஓட்டிப் பாரு, பிடிச்சா அப்புறம் பேசலாம்’ என்றார். அந்த அப்புறம் இன்னும் வரவில்லை. காசு கொடுக்கப் போனால் டயரில் காற்று அடித்துக்கொண்டு கேட்காத மாதிரி இருக்கிறார்.

ஞாயிறு காலையில் அவரோடு கிளம்பும் கோஷ்டியில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர், ஒரு தீயணைப்பு வீரர், கிளினிக்கில் வேலை செய்யும் மலாய்க்கார அக்கா, கடைசியில் மூச்சு வாங்கிக்கொண்டு நான். ஒரு தடவை கோலகங்சார் வரைக்கும் போனோம். அங்கே நிற்கிற அந்தப் பழைய ரப்பர் மரத்தை நீங்கள் எத்தனை பேர் பார்த்திருக்கிறீர்கள்? 1876-இல் பிரேசிலிலிருந்து விக்ஹம் என்ற ஆங்கிலேயர் கொண்டுபோன விதைகள் லண்டன் கியூ தோட்டத்தில் முளைத்து, அதில் 22 கன்றுகள் 1877-இல் சிங்கப்பூருக்கு வந்து, சில இங்கே கோலகங்சாரில் நடப்பட்டன. அதில் மிச்சம் இருப்பது இந்த ஒன்று. பள்ளிக்கூடத்தில் படித்ததுதான், ஆனாலும் ஆயுசு முழுக்க இந்த ஜாதி மரத்தை வெட்டிய மனுஷனின் மகளுக்கு, அரை மணி நேரப் பயணத்தில் இருக்கிற மரத்தைப் பார்க்க இத்தனை வயதாக வேண்டியிருந்தது. ஆசிரியர் ஐயா பட்டையைத் தடவிப் பார்த்து, ‘வெட்டு நல்லா இல்லையே’ என்றார். தோட்டத்துப் பிள்ளைகளால் மட்டும்தான் அப்படி ஒரு குறை கண்டுபிடிக்க முடியும்.

பக்கத்து வீட்டுத் தாத்தா. இவரைப் பற்றி எழுத ஆரம்பித்தால் தனிப் புத்தகம் போட வேண்டும். ஐம்பதுகளிலும் அறுபதுகளிலும் வெள்ளைக்காரர்கள் தோட்டங்களை விற்க, வாங்கியவர்கள் துண்டு துண்டாகப் பிரித்து விற்க, வேலையும் வீடும் சேர்ந்தே போன காலத்தைப் பார்த்தவர். நம் ஊரில் பிறந்து அமைச்சராக இருந்த துன் சம்பந்தன் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் ஆரம்பித்து, தொழிலாளிகளின் சின்னச் சின்னப் பணத்தைச் சேர்த்தே தோட்டம் வாங்கிய கதையை, தான் கட்டிய பங்குப் பணத்தின் ரசீது முதல் சொல்வார். வேலை போனதற்காக நான் மூஞ்சியைத் தூக்கி வைத்திருந்தபோது, இந்தக் கதையெல்லாம் சொல்லி முடித்துவிட்டு, ‘ஒனக்கு ஒரு வேலைதானே போச்சு, எங்களுக்குத் தோட்டமே போச்சு’ என்று ரொம்பச் சாதாரணமாகச் சொன்னார். கோபம்தான் வந்தது முதலில். மறுநாள் காலையில் மண்வெட்டியைக் கையில் கொடுத்து வேலிப்பக்கம் கங்குங் கீரைக்குப் பாத்தி வெட்டச் சொன்னார். இப்போது கங்குங், பண்டான், கத்தரி, ஒரு முருங்கை. முருங்கை என் சொல்பேச்சு கேட்பதில்லை.

பாசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) நாசி லெமாக், அதுதான் தேங்காய்ப்பால் சோறு, விற்கும் மலாய்க்கார மக்சிக்குக்குத் தமிழ் படிக்கத் தெரியாது, ஆனால் அவர் மருமகன் படித்துச் சொல்வான் என்று நினைக்கிறேன். இ-இன்வாய்ஸ், அதாவது வரி இலாகாவுக்கு மின்னியல் ரசீது அனுப்ப வேண்டும் என்று கேள்விப்பட்டுப் பயந்துபோய், ‘நீ கணக்கு வேலை செய்தவள்தானே’ என்று ஒரு பிளாஸ்டிக் பை நிறைய ரசீதுகளைக் கொண்டுவந்து கொட்டினார். சிறு வியாபாரிகளுக்கு விலக்கு இருக்கிறது, பயப்பட ஒன்றும் இல்லை என்று புரியவைக்கவே ஒரு சாயங்காலம் போனது. ஆனால் அந்தப் பையைப் பிரித்து அடுக்கியதைப் பார்த்துத்தான் பலசரக்குக் கடைக்காரர் வந்தார், அவரைப் பார்த்து டயர் கடைக்காரர் வந்தார், அப்புறம் பூக்கடை அக்கா. இன்றைக்குச் சில கடைகளுக்கு மாதக் கணக்கு எழுதுகிறேன். பழைய சம்பளத்துக்குப் பக்கத்தில்கூட இல்லை. மக்சிக் பணத்தோடு சம்பலும் தருகிறார், அதை எந்த வரியில் எழுதுவது என்று தெரியவில்லை.

எதிர்வீட்டு அக்காவுக்கு, தினமும் காலையில் மின்னல் எஃப்எம்மை இரண்டு வீட்டுக்கும் கேட்கிற மாதிரி வைப்பதற்காக நன்றி. சத்தியமாகச் சொல்கிறேன், ஆரம்பத்தில் எரிச்சல்தான், இப்போது ரேடியோ போடவில்லை என்றால் உடம்பு சரியில்லையோ என்று எட்டிப் பார்க்கிறேன். நூலகத்து உதவியாளருக்கு நன்றி, திருப்பிக் கொடுக்கத் தாமதமான புத்தகங்களைப் பற்றி முறைப்பதோடு நிறுத்திக்கொண்டதற்காக. பழைய ஆபீஸ் தோழிகள் இரண்டு பேர் பெட்ரோல் போட்டுக்கொண்டு ஷா ஆலாமிலிருந்து இங்கே வரை வந்து, ஒரு நாள் முழுக்க ஆபீஸைப் பற்றி ஒரு வார்த்தை பேசாமல் எலி எலும்பைப் பார்த்துவிட்டுப் போனீர்களே, நீங்கள்தான் ஆட்கள்.

அம்மாவுக்கு இங்கே நன்றி எழுதினால் ‘நான் என்ன அந்நியமா’ என்று கேட்பார்கள். எழுதவில்லை.

அடுத்து என்ன என்று கேட்பவர்களுக்கு, தெரியாது. கோலாலம்பூரிலிருந்து ஒரு அழைப்பு வந்திருக்கிறது, ஈப்போவில் ஒரு கணக்காய்வு அலுவலகத்துக்கும் விண்ணப்பம் போட்டிருக்கிறேன், கடைக் கணக்குகளையே பெரிதாக்கலாமா என்றும் யோசனை ஓடுகிறது. முடிவானால் நானே சொல்கிறேன், அம்மாவிடம் ஓரமாகக் கேட்டு அவர்களைத் தொல்லைப்படுத்த வேண்டாம்.

இன்னொரு விஷயம். இத்தனை மாதத்தில் சாப்பாடு கொண்டுவந்து கொடுத்தவர்களின் பாத்திரங்கள் எங்கள் சமையல்கட்டில் குவிந்து கிடக்கின்றன. மூன்றடுக்குத் தூக்கு பூக்கடை அக்காவுடையது, தெரியும், கொண்டுவந்து தருகிறேன். பச்சை மூடி போட்ட பெரிய டப்பர்வேர், ரசகுலா கொண்டுவந்த கண்ணாடி ஜாடி, பிடி உடைந்த ஒரு எவர்சில்வர் வாளி, இவை யாருடையவை என்று தெரியவில்லை. சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் வாருங்கள், அதற்கு முன்னால் நான் தோட்டத்துப் பக்கம் இருப்பேன். சீக்கிரம் வந்தால் நல்லது, பச்சை மூடி டப்பாவில் அம்மா ஏற்கெனவே ஊறுகாய் போட நாள் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.