ஐயா வீட்டு மரத்துக்கு முன்பணம் வாங்குவதற்கு முன்

அன்புள்ள சொக்கலிங்கம்,

இங்கே எல்லோரும் நலம். அம்மாவின் முழங்கால் வலி மட்டும் அப்படியே இருக்கிறது. தீபாவளிக்கு எழுதியிருக்க வேண்டிய கடிதம் மார்கழியில் வருகிறதே என்று கோபித்துக்கொள்வாய். அந்தச் சண்டையை நேரில் வைத்துக்கொள்வோம்.

நேற்று நம் நண்பன் ‘தாடி’ என் மர டிப்போவுக்கு வந்திருந்தான். ஐயா வீட்டின் இரண்டாம் கட்டை, அதாவது உள்முற்றப் பகுதியை, பிரித்து, தூண், உத்தரம், நிலை, கதவு அனைத்தையும் ஒரு வியாபாரிக்கு மொத்தமாகப் பேசிவிட்டீர்கள் என்றும், பொங்கல் கழிந்ததும் உன் தம்பி முன்பணம் வாங்கப் போகிறார் என்றும் சொன்னான். அந்தப் பணத்தில் பின்மனையில் புது வீடு, அதற்கு வேண்டிய தேக்கை என்னிடமே எடுத்துக்கொள்வதாக ஏற்பாடாம். எனக்கு வியாபாரம் வரும் செய்திதான் அது. ஆனாலும் பணம் கை மாறுவதற்குள் இந்தக் கடிதத்தை முழுவதும் படித்துவிடு என்று கேட்டுக்கொள்கிறேன்.

பொறுத்திருந்தால் மர விலை இறங்கும் என்பது உன் கணக்கு என்று தாடி சொன்னான். சிமெண்டைப் பார்த்து அப்படி நினைத்திருப்பாய். 2025 செப்டம்பர் 22 முதல் சிமெண்டுக்கான ஜி.எஸ்.டி. 28 சதவீதத்திலிருந்து 18 ஆனது உண்மை. 350 ரூபாய் மூட்டையில் அது 27 ரூபாய். ஆயிரத்து ஐந்நூறு சதுர அடி வீட்டுக்கு அறுநூறு மூட்டை என்று வைத்தால், கம்பெனிகள் அடிப்படை விலையை ஏற்றாத வரை, உனக்குப் பதினாறாயிரம் ரூபாய் மிச்சம். மணல் கதை வேறு. ஆற்று மணல் குவாரிகள் முடங்கியபின் எல்லோரும் பாறையை உடைத்துச் செய்யும் எம்-சாண்டுக்கு வந்துவிட்டோம். 2025 ஏப்ரலில் கனிம நில வரியும் டன் கணக்கில் சீனியரேஜ் தொகையும் (வெட்டி எடுக்கும் கனிமத்துக்கு அரசுக்குக் கட்டுவது) வந்தபோது குவாரி, கிரஷர் உரிமையாளர்கள் வேலைநிறுத்தம் செய்ததும், யூனிட் விலை எகிறியதும், அரசு பேசிக் குறைக்க வைத்ததும் உனக்கு நினைவிருக்கும். கம்பியும் அப்படித்தான்: 2022 மே மாதம் ஏற்றுமதி வரி போட்டார்கள், விலை இறங்கியது, நவம்பரில் எடுத்துவிட்டார்கள். இவையெல்லாம் ஓர் அரசாணையில் ஏறி இன்னோர் அரசாணையில் இறங்குகிற பொருள்கள். இவற்றுக்காக நீ காத்திருப்பதில் பொருள் உண்டு.

மரம் அந்த இனமில்லை. அமெரிக்காவில் பலகை விலை மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே விழுந்ததாக உன் மாப்பிள்ளை சொன்னாராமே, அவர் சொன்னது சரிதான். 2021 மே மாதம் ஆயிரம் போர்டு அடி (பலகைக்கு அங்கே உள்ள அளவு) 1,600 டாலரைத் தாண்டி, ஆகஸ்டிலேயே 500-க்குக் கீழே வந்தது. ஆனால் அங்கே காட்டில் மரத்துக்குத் தட்டுப்பாடு வரவில்லை. கொரோனாவுக்குப் பயந்து அறுவை மில்கள் உற்பத்தியைக் குறைத்த நேரத்தில் வீட்டிலிருந்தவர்கள் எல்லோரும் வீட்டை இழுத்துக் கட்டத் தொடங்கினார்கள். மில்கள் மறுபடி ஓடியதும் விலை விழுந்தது. அது பைன், ஸ்ப்ரூஸ் போன்ற மென்மரம். நம் நிலைக்கும் கதவுக்கும் வேண்டிய முதிர்ந்த தேக்கை எந்த மில்லை ஓட்டியும் பெருக்க முடியாது.

அது எப்படி இல்லாமல் போயிற்று என்பதை என் அப்பா காலத்திலிருந்து நான் பார்த்துக்கொண்டிருக்கிறேன். 1995-இல் கேரளத்து நிலம்பூர் கோவிலகம் என்னும் அரச குடும்பத்தைச் சேர்ந்த கோதவர்மன் திருமுல்பாடு, நீலகிரியின் கூடலூர்ப் பகுதிக் காடுகள் அழிவதைத் தடுக்கக் கோரி உச்ச நீதிமன்றம் சென்றார். 1996 டிசம்பர் 12 அன்று வந்த இடைக்கால உத்தரவுக்குப் பிறகு, மத்திய அரசு ஏற்ற திட்டத்தின்படி அன்றி நாட்டின் எந்தக் காட்டிலும் கோடாரி வைக்க முடியாது என்றாயிற்று. காட்டுக்கு அது நல்லது. இன்றும் நான் அந்த உத்தரவின் பக்கம்தான். ஆனால் அதன்பின் டிப்போக்கள் கப்பலை நம்பத் தொடங்கின. 2010-இல் ஆப்பிரிக்காவின் காபோன், அறுக்காத உருட்டு மர ஏற்றுமதியை நிறுத்தியது. 2014 ஏப்ரல் 1 முதல் மியான்மர் நிறுத்தியது. பர்மாத் தேக்கு உருட்டாக வருவது அன்றோடு முடிந்தது. இன்று தூத்துக்குடியில் இறங்குவது பெரும்பாலும் கானா, டான்சானியா, ஈக்வடார், பனாமா என்று எங்கெங்கோ தோட்டங்களில் வளர்த்து இளசிலேயே வெட்டிய தேக்கு.

இளசு என்பதன் பொருளை நீ டேப்பை வைத்துப் பார்த்தால்தான் உணர்வாய். சென்ற வாரம் ஒரு கண்டெய்னர் பிரித்தோம். பெரும்பாலும் மூன்றடிச் சுற்றளவு. சுற்றளவில் கால் பங்கை எடுத்து அதை அதனாலேயே பெருக்கி நீளத்தால் பெருக்குவதுதான் எங்கள் அளவு; எட்டடி நீளத்துக்கு நாலரைக் கன அடி வருகிறது. அப்பா காலத்து ஆறடிச் சுற்றளவு மரம் ஒன்று அதே நீளத்தில் பதினெட்டுக் கன அடி. நான்கு சிறியது சேர்ந்தால் ஒரு பெரியது ஆகிவிடும் என்று ரசீது சொல்லும். அறுவை வாள் அப்படிச் சொல்லாது. மரத்தின் தலைப்பில் தண்ணீர் தெளித்துத் துடைத்துப் பார்த்தேன்: வெளியே ஒன்றரை அங்குலத்துக்கு வெள்ளை, நடுவில்தான் வைரம் என்கிற கெட்டி மரம். பதினொன்றரை அங்குல விட்டத்தில் இப்படி இரு பக்கமும் வெள்ளை போனால் ஏறக்குறையப் பாதி மரம் போய்விட்டது. கரையான் முதலில் கை வைப்பதும் அந்த வெள்ளையில்தான். வாங்குகிறவரோ முழுக் கன அடிக்கும் தேக்கு விலை கொடுக்கிறார்.

செங்கடல் சண்டையால் கப்பல்கள் சுற்றிப் போவதுதான் விலையேற்றத்துக்குக் காரணம், அது முடிந்தால் சரியாகிவிடும் என்று சிலர் சொல்கிறார்கள். மேற்கு ஆப்பிரிக்க மரம் முன்பும் நன்னம்பிக்கை முனையைச் சுற்றி வரக்கூடியதுதான். கண்டெய்னர் தட்டுப்பாட்டில் வாடகை ஏறியது என்ற அளவில் மட்டும் அது உண்மை. டாலரை நினைத்துப் பார். மியான்மர் தடை வந்தபோது அறுபது ரூபாய். 2025 டிசம்பரில் தொண்ணூறைத் தாண்டிவிட்டது. சரக்கு விலை அசையாமல் நின்றாலும் நாம் ஒன்றரை மடங்கு கொடுக்கிறோம். சிமெண்டுக்குக் குறைத்த வரியை மரத்துக்குக் குறைக்கவும் இல்லை. அதே 18 சதவீதம்தான்.

இப்போது ஐயா வீட்டுக்கு வா. இரண்டாம் கட்டில் பத்துக்கு எட்டு அங்குலத்தில், பதினாலு அடி நீளத்தில் உத்தரங்கள் கிடக்கின்றன. அதில் ஒன்றை அறுத்தால் ஐந்துக்கு மூன்று சட்டம் நான்கு கிடைக்கும். மூன்று சட்டத்தில் ஏழடிக் கால்கள் ஆறு, நான்காவதில் மேல்கட்டைகள்: மூன்று வாசல் நிலைகள் ஓர் உத்தரத்திலேயே முடிந்துவிடும். அது நூறு வருடம் உலர்ந்த பர்மாத் தேக்கு. இனி கோணாது, வெடிக்காது. என்னிடம் நீ வாங்கப் போவது பச்சை மரம். அறுத்து, சட்டத்துக்குச் சட்டம் இடையில் சக்கை (சிறு மரத்துண்டு) வைத்து, நிழலில் மாதக்கணக்கில் அடுக்கி உலர்த்த வேண்டும். கொத்தனார் பொறுக்கமாட்டார், மழைக்காலத்தில் கதவு சாத்தாது, அப்புறம் நீ என்னைத்தான் கூப்பிடுவாய். பழைய மரத்தில் ஒரே தொல்லை ஆணி. உள்ளே முறிந்து கிடப்பது தெரியாமல் ஓட்டினால் வாள் பல் போய்விடும் என்பதால் பல மில்கள் வாங்கமாட்டார்கள். நான் காந்தம் வைத்துப் பார்த்து, ஆணி பிடுங்கி, நானே அறுத்துத் தருகிறேன்.

பேசிய வியாபாரி டேப் வைத்தாரா என்று தம்பியிடம் கேள். மொத்த விலை என்றால் வைத்திருக்கமாட்டார். ஒவ்வொரு துண்டாக நீளம், அகலம், கனம் எழுதிக் கன அடி போட்டால், அவர் சொன்ன தொகை உனக்கே விளங்கிவிடும். விற்ற மரத்தைப் போல ஒன்றை எந்தத் துறைமுகத்திலும் இனி நீ வாங்க முடியாது என்பதுதான் என் கவலையெல்லாம். இந்த வட்டாரத்தில் மாதம் ஒரு வீடாவது இப்படிப் பிரிந்து லாரி ஏறுகிறது. உங்கள் வீடும் அதில் சேர வேண்டாம்.

இன்னொன்று, குளியலறைக் கதவு வரை தேக்கு வேண்டும் என்ற உன் பிடிவாதத்தை விட்டுவிடு, ஜமீன்தாரே! தலைவாசல், பூஜை அறை, கூடத்து ஜன்னல் ஆகியவற்றுக்கு ஐயா வீட்டு மரமே போதும். உள் அறை நிலைகளுக்கு வைரம் பாய்ந்த வேம்பு வை. உன் தோப்பிலேயே பட்டுப்போன இரண்டு நிற்கின்றன. வேங்கையும் நல்ல மரம்தான், ஆனால் ஈரம் பட்டால் சிவப்புச் சாறு விட்டுச் சுவரைக் கறையாக்கும். வெள்ளையடிப்பதற்கு முன்பே வார்னிஷ் பூசிவிட வேண்டும்.

வரும் ஞாயிறு தம்பியை வீட்டைத் திறந்துவைக்கச் சொல். நான் ஆளும் டேப்பும் கொண்டுபோய் அளந்து, பட்டியலை அன்றைக்கே உனக்கு அனுப்பிவிடுகிறேன். அதுவரை யாரிடமும் ஒரு ரூபாய்கூட வாங்க வேண்டாம் என்று இந்தக் கடிதம் கிடைத்தவுடன் அவருக்குப் போன் செய்துவிடு. ஆச்சிக்கு என் வணக்கம்.

அன்புடன்,
முத்தையா
காரைக்குடி