லோக்கல்ஹோஸ்ட் எந்த ஊர்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பைத்தான் என்ற நிரல்மொழியில் எழுதப்பட்ட இணையதளங்கள் 502 என்ற பிழையைக் காட்டி நின்றுவிடுவது குறித்துத் தங்கள் நாளிதழின் கணினிப் பகுதியில் சென்ற மாதம் வெளிவந்த கட்டுரையைப் படித்தேன். இத்தகைய பொருளைத் தமிழில் எழுத முன்வருவோரே குறைவு என்பதால் மகிழ்ச்சியோடுதான் படிக்கத் தொடங்கினேன். ஆனால், பைத்தான் மெதுவானது என்பதே அந்தப் பிழைக்குக் காரணம் என்றும், நினைவகம் கூடுதலான சர்வருக்கு மாறினால் அது தீரும் என்றும், பைத்தானில் தளம் கட்ட உதவும் ஜாங்கோவின் 'அனுமதிக்கப்பட்ட ஹோஸ்ட்' பட்டியலில் (எந்தத் தளப்பெயரில் வரும் கோரிக்கைகளை ஏற்கலாம் என்று சொல்வது) எந்தப் பெயரும் சரி என்று பொருள்படும் ஒரு நட்சத்திரக் குறியைப் போட்டுவிட்டால் மற்றத் தொல்லைகளும் அடங்கும் என்றும் கட்டுரையாளர் கூறியிருப்பதை என்னால் ஏற்க இயலவில்லை. இதே யோசனைகளைப் பிறர் சொல்லக் கேட்டு, ஒரு தைப்பூசக் காலத்தில் நானே செய்து பார்த்துப் பட்டவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன்.

மொரீஷியஸில் தைப்பூசம் அரசு விடுமுறை நாள். கொடியேறியது முதல் விரதமிருந்து காவடி எடுப்பவர்கள் தங்கள் பெயரைக் கோவிலில் முன்கூட்டியே பதிந்துகொள்வது எங்கள் ஊர் வழக்கம். நீள நோட்டுப் புத்தகத்தில் நடந்துவந்த அந்தப் பதிவை இணையத்துக்கு மாற்றும் பொறுப்பை நான் ஏற்றேன். ஜாங்கோவில் எழுதிய செயலி. அதை இயக்கக் குனிகார்ன் என்ற நிரல். அதற்கு முன்னால் புராக்ஸியாக, அதாவது இடையாளாக, என்ஜின்எக்ஸ் என்ற இன்னொரு நிரல். எல்லாம் உபுண்டு என்ற லினக்ஸ் வகை ஓடும், வாடகைக்கு எடுத்த ஒரு சர்வரில். புராக்ஸியின் வேலை, அலுவலகச் சன்னலில் உட்கார்ந்து வருபவரிடம் சீட்டை வாங்கி உள்ளே இருப்பவரிடம் கொடுக்கும் எழுத்தருடைய வேலைதான். உள்ளே இருப்பவர் வந்தவரை நேரில் பார்ப்பதில்லை. எழுத்தர் சீட்டில் எதை எழுதினாரோ அது மட்டுமே அவருக்குத் தெரியும். எங்களுக்கு நேர்ந்த தொல்லைகள் பெரும்பாலும் இந்தச் சீட்டில்தான் இருந்தன.

முதலில் 502. இது பைத்தான் சொல்லும் சொல்லே அன்று. உள்ளே தட்டிப் பார்த்தேன், ஒழுங்கான பதில் வரவில்லை என்று என்ஜின்எக்ஸ் சொல்வது. ஏன் வரவில்லை என்பதை அதுவே தன் பிழை லாக் கோப்பில், அதாவது நிகழ்ந்ததைப் பதியும் குறிப்பேட்டில், எழுதி வைக்கிறது. குனிகார்னின் சாக்கெட்டோடு (இரு நிரல்களும் பேசிக்கொள்ளும் வாயிலாக நிற்கும் கோப்பு) இணைய முடியவில்லை என்ற வரியில் அடைப்புக்குறிக்குள் ஓர் எண் இருக்கும். 2 என்றால் அந்தச் சாக்கெட் கோப்பே இல்லை, அதாவது குனிகார்ன் எழவே இல்லை அல்லது வேறிடத்தில் எழுந்திருக்கிறது. 111 என்றால் அங்கே கேட்பவர் எவரும் இல்லை. எங்கள் கோப்பில் இருந்தது 13, அனுமதி மறுப்பு. சாக்கெட்டை நான் என் பயனர் கோப்புறைக்குள் வைத்திருந்தேன். உபுண்டு 21.04 முதல் அந்தக் கோப்புறைகள் பிற பயனர்கள் உள்ளே நுழைய முடியாதபடிதான் உருவாகின்றன. என்ஜின்எக்ஸோ 'டபிள்யூ டபிள்யூ டபிள்யூ-டேட்டா' என்ற வேறு பயனரின் பெயரில் ஓடுவது. இந்த எண்ணைப் பார்க்காமல் நான் மாதக் கட்டணத்தை இரட்டிப்பாக்கி நினைவகத்தை உயர்த்தினேன். பூட்டிய கதவு பூட்டியபடியே இருந்தது. பிறகு எல்லோருக்கும் எல்லா உரிமையும் தரும் 777 அனுமதியைக் கொடுக்கச் சொன்னார் ஒரு நண்பர். நல்லவேளையாக அதைச் செய்யவில்லை. சாக்கெட்டை 'ரன்' கோப்புறையின் கீழே, லினக்ஸில் சேவைகளை இயக்கும் சிஸ்டம்டி தானே உருவாக்கித் தரும் இடத்துக்கு மாற்றியதும் தளம் திறந்தது.

மெதுவான செயலியாலும் 502 வரும் என்பதை நான் மறுக்கவில்லை. குனிகார்ன் தன் பணியாளர் (கோரிக்கைகளைக் கவனிக்கும் உள்நிரல்) ஒருவர் 30 விநாடி அசைவற்றிருந்தால் அவரை நிறுத்திவிடும். என்ஜின்எக்ஸ் 60 விநாடி காத்திருக்க ஆயத்தமாக இருக்கும்போதே உள்ளேயிருந்து இணைப்பு அறுபடுவதால் 502 வருகிறது. குனிகார்னின் கெடுவை 120 விநாடியாக உயர்த்தினால் என்ஜின்எக்ஸ் முதலில் பொறுமையிழக்க, அதே தாமதம் 504, அதாவது காத்திருப்பு நேரம் கடந்தது என்ற பிழையாக உருமாறும். நினைவகம் தீர்ந்து லினக்ஸே பணியாளரைக் கொன்றாலும் 502தான். ஆனால் இவை ஒவ்வொன்றும் லாக்கில் வேறு வேறு வரியாக விழுகின்றன. அந்த வரியைப் படிக்கச் சொல்லாமல் பைத்தானை நோக்கி விரல் நீட்டியதுதான் கட்டுரையின் முதற்குறை.

படிக்கும்போது கடிகாரத்தையும் பார்க்க வேண்டும் என்று சேர்த்துக்கொள்கிறேன். எங்கள் சர்வர் உலகப் பொது நேரத்தில் ஓடியது. செயலி அதைவிட 4 மணி நேரம் முந்திய மொரீஷியஸ் நேரத்தில் எழுதியது. உதவிக்கு வந்த உறவினர் சென்னையிலிருந்து தம் நேரத்தைச் சொல்லிக்கொண்டிருந்தார். மாலை 6.10க்கு நிகழ்ந்த பிழையை 6.10 என்று குறித்த வரிகளில் தேடி ஓர் இரவு போயிற்று; அது பிற்பகல் 2.10-க்குரிய வரியில் இருந்தது.

இனி அந்த நட்சத்திரக் குறி. வேறு ஏதும் சொல்லாவிட்டால் என்ஜின்எக்ஸ், வந்தவர் கேட்ட தளத்தின் பெயரை உள்ளே அனுப்புவதில்லை. தான் எங்கே அனுப்புகிறதோ அந்த இடத்தின் பெயரையே ஹோஸ்ட் என்று எழுதி அனுப்புகிறது. எங்களுடையதைப் போன்ற யுனிக்ஸ் சாக்கெட்டாக இருந்தால் அந்தப் பெயர் 'லோக்கல்ஹோஸ்ட்', அதாவது 'இதே கணினி'. தன் பட்டியலில் இல்லாத பெயரைக் கண்ட ஜாங்கோ 400, தவறான கோரிக்கை, என்று மறுத்தது. மறுக்க வேண்டியதுதான் அதன் கடமை. நான் நட்சத்திரத்தைப் போட்டேன். அடுத்து, 4.0 பதிப்பு முதல் படிவம் எந்தத் தளத்திலிருந்து வந்தது என்ற மூலத்தையும் ஹோஸ்டையும் ஒப்பிட்டுப் பார்க்கும் ஜாங்கோ, படிவங்களை 403, அனுமதி இல்லை, என்று திருப்பியது. எங்கள் தளத்தின் பெயரை நம்பகமான மூலங்களின் பட்டியலில் சேர்த்து அதன் வாயையும் அடைத்தேன். தளம் ஓடியது. நானும் வெற்றி என்று நினைத்தேன்.

இரண்டு நாள் கழித்து ரோட்ரிக்ஸ் தீவிலிருந்து ஓர் அம்மாள் தொலைபேசியில் அழைத்தார். கடவுச்சொல்லை மறந்துவிட்டதால் புதியது கேட்டிருக்கிறார், மின்னஞ்சலும் வந்திருக்கிறது, அதில் உள்ள இணைப்பைத் தொட்டால் ஒன்றும் திறக்கவில்லை. இணைப்பைப் படித்துக் காட்டச் சொன்னேன். எழுத்தெழுத்தாகப் படித்துவிட்டு, "லோக்கல்ஹோஸ்ட் என்று போட்டிருக்கிறதே தம்பி, அது எந்த ஊர்?" என்று கேட்டார். கடவுச்சொல் மாற்றும் மடலில் தளத்தின் பெயரை ஜாங்கோ எங்கிருந்து எடுக்கும்? சீட்டில் எழுதியிருந்த ஹோஸ்டிலிருந்துதான். பட்டியலை ஒழுங்காக வைத்திருந்தால் முதல் நாளே நின்று என்னை எச்சரித்திருக்கும். நட்சத்திரத்தை அப்படியே விட்டுவிட்டு வந்த ஹோஸ்டை எல்லாம் உள்ளே அனுப்பும் தளத்தில், தீய எண்ணம் கொண்டவன் தன் தளத்தின் பெயரை ஹோஸ்டாக எழுதி அனுப்பி, அந்த அம்மாளுக்குப் போகும் மடலில் தன் முகவரியை இடம்பெறச் செய்துவிடவும் கூடும். பரிகாரம் என்ஜின்எக்ஸில் ஒரே வரி: கோரிக்கையோடு போகும் 'ஹோஸ்ட்' என்ற தலைப்பில், வந்தவர் கேட்ட பெயரை அனுப்பு. அதைச் சேர்த்தபின் பட்டியலில் எங்கள் தளத்தின் பெயர் ஒன்றை மட்டும் வைத்தேன்.

எச்.டி.டி.பி.எஸ். (மறையாக்கப்பட்ட இணைய இணைப்பு) கதையும் இதே சீட்டுக் கதைதான் என்பதால் சுருக்கமாகச் சொல்கிறேன். மறையாக்கம் என்ஜின்எக்ஸோடு முடிந்துவிட, உள்ளே போவது வெறும் எச்.டி.டி.பி. பாதுகாப்பான முகவரிக்குப் போ என்று ஜாங்கோ திருப்பி அனுப்ப, பாதுகாப்பாகவே வந்தவர் மீண்டும் திருப்பி அனுப்பப்பட, சுற்றிச் சுற்றி வந்து உலாவி கைவிட்டது. வந்தவர் பாதுகாப்பான வழியில் வந்தாரா என்று சொல்லும் 'எக்ஸ்-ஃபார்வர்டட்-புரோட்டோ' என்ற தலைப்பைப் புராக்ஸி எழுதத் தொடங்கியதும் சுழல் நின்றது. இந்தத் தலைப்பை வெளியிலிருந்து எவரேனும் எழுதிக்கொண்டு வந்தால் புராக்ஸி அதை அழித்துத் தன்னுடையதை எழுதுகிறது என்ற உறுதி இருந்தால் மட்டுமே செயலி அதை நம்பலாம்.

எல்லாவற்றிலும் என்னை வெட்கப்பட வைத்தது வேறொன்று. ஒரே இணைய (ஐ.பி.) முகவரியிலிருந்து ஐந்து முறை தவறான கடவுச்சொல் வந்தால் அரைமணி நேரம் அம்முகவரியைத் தடுக்கும்படி எழுதியிருந்தேன். பதிவு முடிய மூன்று நாள் இருக்கையில், ஒருவர் ஐந்து முறை தவறவிட்டதும், தீவில் எவராலுமே உள்ளே நுழைய முடியவில்லை. சாக்கெட் வழியாக வரும் கோரிக்கையில் வந்தவரின் முகவரி இருக்க வேண்டிய இடம் வெறுமையாக இருக்கும் என்பதை அப்போதுதான் கண்டேன். என் செயலியைப் பொறுத்தவரை மொரீஷியஸ் முழுவதும் ஒரே வெற்று முகவரி! அவசரத்தில், கோரிக்கை கடந்துவந்த முகவரிகளை வரிசையாகச் சொல்லும் 'எக்ஸ்-ஃபார்வர்டட்-ஃபார்' பட்டியலின் முதல் முகவரியை எடுத்துக்கொள்ளும்படி மாற்றினேன், அதுவும் தவறு. வழக்கமான அமைப்பில் என்ஜின்எக்ஸ் தனக்குத் தெரிந்த முகவரியைப் பட்டியலின் கடைசியில் சேர்க்கிறதே தவிர, முன்னால் இருப்பதை நீக்குவதில்லை. முன்னால் இருப்பது வந்தவரே எழுதிக்கொண்டு வந்த பொய்யாக இருக்கலாம். ஒவ்வொரு முறையும் ஒரு புது முகவரியை எழுதி அனுப்புகிறவனை அந்தத் தடை ஒன்றும் செய்யாது. ஒற்றைப் புராக்ஸிதான் நிற்கிறது என்றால் அது கண்ணால் கண்ட முகவரியை மட்டும் தனித் தலைப்பில் எழுதச் செய்து, அதையே செயலி படிப்பது நல்லது. இப்போது எங்கள் தளம் அப்படித்தான் ஓடுகிறது.

புராக்ஸியையே நீக்கிவிடலாமே என்றும் கட்டுரை போகிற போக்கில் கேட்கிறது. மெதுவான கைபேசி இணைப்பில் படம் ஏற்றுபவர் ஒருவருக்காகக் குனிகார்னின் பணியாளர் ஒருவர் முழுநேரமும் கட்டுண்டு கிடக்காமல், கோரிக்கையை முழுவதும் தானே வாங்கி வைத்துக்கொண்டு ஒரேயடியாக உள்ளே தருவது என்ஜின்எக்ஸ்தான். அந்தப் படம் 1 எம்.பி.யைத் தாண்டினால் அதுவே 413 என்று திருப்பியும் அனுப்பும், பைத்தானின் லாக்கில் ஒரு வரிகூட இராது என்பது வேறு விஷயம்; வரம்பை உயர்த்த ஒரு வரி போதும்.

கணினிப் பகுதியைக் கத்தரித்து வைத்துக்கொண்டு அதன்படியே செய்பவர்கள் உண்டு. நானும் அப்படிச் செய்பவனே. ஆகவே கட்டுரையின் மற்றக் கருத்துகளை விட்டாலும், நட்சத்திரக் குறியைப் பரிந்துரைத்த அந்த ஒரு வாக்கியத்துக்காவது அடுத்த இதழில் திருத்தம் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர் ஒருவர்,
ரோஸ் ஹில், மொரீஷியஸ்.