‘காய்ந்த தளம்’ என்று எழுதாதீர்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற ஞாயிறு, வீடு கட்டுவோருக்கான தங்கள் பக்கத்தில், ‘மேல்தளம் போட்டதும் நன்றாகக் காய விடுங்கள், காய்ந்தால்தான் பலம்’ என்று ஒரு வரி வந்திருந்தது. பாலிடெக்னிக் ஒன்றின் ஆய்வகத்தில் 31 ஆண்டுகள் சிமெண்ட் சோதனை செய்தவள் நான். அந்த வரியைப் படித்ததிலிருந்து மனம் ஆறவில்லை.

சேறு காயும், வடகம் காயும். சிமெண்ட் காய்வதில்லை. சேற்றிலிருந்து தண்ணீர் வெளியேறுவதால் அது கெட்டியாகிறது; மறுபடி நனைத்தால் கரைந்துவிடும். சிமெண்டோ தண்ணீரைத் தன்னோடு பிணைத்துக்கொண்டு கெட்டியாகிறது. ஆற்றுக்குள், தண்ணீருக்கு அடியில் போடும் கான்கிரீட்டும் இறுகுவது அதனால்தான்.

எங்கள் ஆய்வகத்தில் ஒரு தொட்டி உண்டு. 15 செ.மீ. கனசதுரக் கட்டிகளை வார்த்து, மறுநாள் அச்சைக் கழற்றியதும் அதில் மூழ்கடித்துவிடுவோம். 28-ஆம் நாள் எடுத்து, எந்திரத்தில் வைத்து நசுக்குவோம். மாணவர்கள் கண்ணால் பார்க்கட்டும் என்று ஒவ்வோர் ஆண்டும் மூன்று கட்டிகளை மட்டும் வெளியே அலமாரியில் வைப்பேன். அதே கலவை, அதே கை. அலமாரிக் கட்டிகள் வெளுத்து, பார்வைக்கு உறுதியாகவே இருக்கும். தொட்டிக் கட்டிகளோ கறுத்து, ஈரம் சொட்டிக்கொண்டிருக்கும். எது பலமானது என்று கேட்டால் வகுப்பே அலமாரிக் கட்டிகளைக் காட்டும். ஆனால் தொட்டிக் கட்டிகள் தாங்கிய பாரத்தை அவை ஒருமுறைகூடத் தாங்கியதில்லை.

இதன் காரணத்தை அறிவியலாளர்கள் ஒரு நூற்றாண்டுக்கு மேலாக ஆராய்ந்து வருகிறார்கள். சிமெண்ட் துகள்கள் தண்ணீரில் கரைந்து, புதிய படிகங்களாகி, ஒன்றோடொன்று பின்னிக்கொள்கின்றன என்று 1887-ல் பிரான்ஸின் லெ சாடலியே எழுதினார். படிகமல்ல, பசை போன்ற கூழ்தான் பிடித்து வைக்கிறது என்று 1893-ல் ஜெர்மனியின் மிகாயேலிஸ் மறுத்தார். இருவர் சொன்னதிலும் உண்மை இருந்தது. துகள் கரையத்தான் செய்கிறது. ஆனால் சிமெண்டும் தண்ணீரும் சேர்ந்து உண்டாகி, பிடிப்பைத் தரும் கால்சியம் சிலிக்கேட் ஹைட்ரேட் என்ற பொருள் பெரும்பாலும் கூழ்தான். கலந்த சில நிமிடங்களில் சிமெண்ட் சற்றே சூடேறி, பிறகு ஓரிரு மணி நேரம் ஒன்றுமே நடக்காததுபோல் அடங்கிக் கிடந்து, மறுபடி சூடேறுகிறது. இடையில் ஏன் அப்படி அடங்குகிறது என்பதில் இன்றும் விவாதம் ஓயவில்லை. அந்த இடைவெளி இல்லையென்றால் கொத்தனார் கலவையை மேலே ஏற்றிப் பரப்பவே முடியாது.

வீடு கட்டுவோருக்குத் தேவையானது, 1940-களில் அமெரிக்காவின் சிக்காகோவில் பவர்ஸ், பிரவுன்யார்டு என்ற ஆய்வாளர்கள் அளந்து சொன்ன கணக்கு. 50 கிலோ சிமெண்ட் மூட்டை தண்ணீரோடு முழுதாக வினைபுரிய சுமார் 21 லிட்டர் தண்ணீர் போதும். அதில் 11, 12 லிட்டர் கல்லோடு கல்லாகிவிடும்; மீதி கூழின் நுண்துளைகளில் தங்கும். கலவை இளகி வர இன்னும் சில லிட்டர் கூடலாம். அதற்கும் மேல் ஊற்றுவதெல்லாம் பின்னால் வெளியேறி, துளைகளைத்தான் விட்டுவிட்டுப் போகும். உள்ளே ஈரப்பதம் 80 சதவீதத்துக்குக் கீழே இறங்கினால் வினை ஏறக்குறைய நின்றுவிடும் என்பதையும் பவர்ஸ் காட்டினார். நாம் இரண்டையும் தலைகீழாகச் செய்கிறோம். கலக்கும்போது குழாயைத் திறந்துவிடுகிறோம். போட்டு முடித்த பிறகு தளத்தைப் பட்டினி போடுகிறோம்.

என் அம்மா சித்தாள் வேலை பார்த்தவர். இந்தக் கணக்கெல்லாம் அவருக்குத் தெரியாது. தளம் போட்ட மறுநாள் விடியுமுன் மேலே ஏறி, மணல் கலவையால் பாத்தி கட்டி, குடம் குடமாகச் சுமந்து தண்ணீர் தேக்குவார். ‘பச்சைப்பிள்ளை, தொண்டை வறளக் கூடாது’ என்பார்.

இந்த வாரம் எங்கள் எதிர்வீட்டில் தளம் போட்டு மூன்றாம் நாள் ஏறிப் பார்த்தேன். பாத்தி இல்லை, சாக்கு இல்லை. வெயிலில் வெளுத்துக் கிடந்தது. குனிந்து பார்த்தால் தலைமுடி அளவில் கீறல்கள் வலைபோல் ஓடியிருந்தன. தண்ணீர் விடவில்லையா என்று கேட்டதற்கு, ‘காய விடச் சொல்லிப் பேப்பரிலேயே போட்டிருக்கிறதே’ என்று வீட்டுக்காரர் தங்கள் பக்கத்தைக் கொண்டுவந்து காட்டினார். அவர் ஆயுள் சேமிப்பு அந்த வீடு. அன்று மாலையே அவர் மகனும் நானும் சாக்குகளை நனைத்து விரித்தோம்.

எனவே வரும் ஞாயிறு, அதே பக்கத்தில், அதே எழுத்தளவில் ஒரு திருத்தம் வெளியிடுங்கள். சாதாரண போர்ட்லேண்ட் சிமெண்ட் என்றால் குறைந்தது 7 நாள், சாம்பல் கலந்த பிபிசி (PPC) சிமெண்ட் என்றாலோ வறண்ட வெயில் காலம் என்றாலோ குறைந்தது 10 நாள் தளத்தை ஈரம் மாறாமல் வைத்திருக்க வேண்டும். இந்திய தர நிர்ணய விதி ஐ.எஸ். 456 சொல்வது இது. ‘காயும்’ என்ற இடத்தில் ‘இறுகும்’ என்று போடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆய்வகப் பயிற்றுநர்,
அரியலூர்.