பழைய காசு விற்பவருக்கும் பாதுகாப்பு வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். வீட்டில் இருக்கும் பழைய நாணயங்களையும் தபால்தலைகளையும் இணையத்தில் விற்பது பற்றி உங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். எங்கே விற்கலாம், விலையை எப்படித் தெரிந்துகொள்ளலாம் என்பதெல்லாம் சரியாகத்தான் சொல்லியிருக்கிறீர்கள். ஆனால் எச்சரிக்கை என்று வந்த இடத்தில் போலி விற்பனையாளர்களைப் பற்றி மட்டுமே எழுதியிருந்தது. விற்கிறவரை வாங்குகிறவர் ஏமாற்றுவது பற்றி ஒரு வரிகூட இல்லை. அது எனக்கு மிகவும் வருத்தமாக இருந்தது, ஏனென்றால் இப்போது இணையத்தில் பழைய காசு விற்பவர்களில் பலர் வியாபாரிகளே அல்ல. அப்பாவோ கணவரோ இறந்த பிறகு அலமாரியில் இருக்கும் ஆல்பத்தை என்ன செய்வதென்று தெரியாமல் விற்க வருகிற வீட்டு மனிதர்கள்.

என் சித்திக்கு நடந்ததைச் சொல்கிறேன். சித்தப்பா வாழ்நாள் முழுக்கச் சேர்த்த காசுகளில் 1911ஆம் வருடத்து வெள்ளி ரூபாய் ஒன்று இருந்தது. ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் அங்கியில் இருக்கும் யானை உருவம் தும்பிக்கை குட்டையாகப் போய்ப் பன்றி போலத் தெரிந்ததால், எதிர்ப்பு கிளம்பி, அரசாங்கமே திரும்பப் பெற்றுக்கொண்ட காசு அது; அடுத்த வருடம் யானையைத் திருத்திப் புதிதாக அடித்தார்கள். சேகரிப்பவர்கள் 'பன்றி ரூபாய்' என்பார்கள். சித்தி அதை ஒரு இணையதளத்தில் விற்றார். வாங்கியவர் போனில் அவ்வளவு மரியாதையாகப் பேசினார். காசு போய்ச் சேர்ந்த சில நாட்களில் 'இது போலி' என்று புகார் போட்டுத் திருப்பி அனுப்பிவிட்டார். திரும்பி வந்தது சித்தப்பாவின் காசே இல்லை. விளக்கிவைத்த பாத்திரம் மாதிரிப் பளபளவென்று இருந்தது, யானையின் உருவம் மழுங்கியிருந்தது. பத்தரிடம் கொண்டுபோய் எடை போட்டால், 11.66 கிராம் இருக்க வேண்டியதில் ஒரு கிராமுக்கு மேல் குறைவு. சித்தப்பா தன் கையால் எழுதி வைத்திருந்த அட்டையில் 'கிரீடத்துக்குப் பின்னால் சிறு வெட்டு' என்று இருக்கிறது. வந்த காசில் அந்த வெட்டே இல்லை. ஆனால் தளத்தில் போட்டிருந்த படத்தில் அந்த இடம் தெளிவாகத் தெரியவில்லை. 'ஆதாரம் போதாது' என்று சொல்லி வாங்கியவருக்குப் பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். காசும் போனது, பணமும் போனது.

பண மோசடியைப் பற்றி ஓரளவு எல்லோரும் பேசுகிறார்கள். இந்த மாற்றி அனுப்புகிற மோசடியைப் பற்றித்தான் யாரும் பேசுவதில்லை. சேகரிப்புப் பொருள்களில் இது சுலபமாக நடக்கக் காரணம் இருக்கிறது. ஒரே வருடத்துக் காசு லட்சக்கணக்கில் அடிக்கப்பட்டிருக்கும். தன்னிடம் ஏற்கெனவே இருக்கிற தேய்ந்த காசையோ, வார்த்தெடுத்த போலியையோ வைத்துக்கொண்டுதான் சிலர் உங்களிடம் நல்ல காசை வாங்கவே வருகிறார்கள்.

ஆனால் ஒரே அச்சில் அடித்த இரண்டு காசுகூட நூறு வருடம் கழித்து ஒன்றுபோல இருக்காது, அதுதான் விற்கிறவருக்குக் கிடைத்திருக்கும் ஒரே ஆயுதம். விற்பதற்கு முன்னால் இரண்டு பக்கத்தையும் விளிம்பையும் பகல் வெளிச்சத்தில் கிட்டத்தில் வைத்துப் படம் எடுங்கள். கீறல், வெட்டு, கறுத்துப்போன இடம் எதையும் மறைக்க வேண்டாம், துடைத்துப் பளபளப்பாக்கவும் வேண்டாம் (துடைத்தால் விலையும் போகும், அடையாளமும் போகும்). சின்னத் தராசில் வைத்து எடை தெரிகிற மாதிரி ஒரு படம். அப்புறம் அதே காசைக் கவரில் போட்டு, ஒட்டி, முகவரி எழுதி முடிக்கும் வரை நிறுத்தாமல் ஒரே வீடியோ. தபால்தலை என்றால் இன்னும் நல்லது. 1948இல் வந்த காந்தி 10 ரூபாய்த் தபால்தலையை எடுத்துக்கொள்ளுங்கள், ஓரத்துப் பற்களில் எது குட்டை, எது கிழிந்தது, நான்கு பக்கமும் வெள்ளை ஓரம் எவ்வளவு, முத்திரை விழுந்திருந்தால் எந்த எழுத்து எங்கே வெட்டுப்பட்டிருக்கிறது என்பதெல்லாம் ஒன்றுக்கு ஒன்று மாறும். முன்பக்கமும் பின்பக்கமும் பெரிதாக ஸ்கேன் எடுத்து வைத்துக்கொண்டால் மாற்றி அனுப்புகிறவர் பாடு திண்டாட்டம்தான். விலை உயர்ந்த காசாக இருந்தால் என்.ஜி.சி., பி.சி.ஜி.எஸ். போன்ற நிறுவனங்களில் தரம் பார்த்து, எண் போட்டு, மூடி ஒட்டிய பெட்டியில் வாங்கி வைத்து விற்கலாம். செலவு அதிகம் என்பதால் எல்லாக் காசுக்கும் கட்டுப்படியாகாது.

'கவர் காலியாக வந்தது' என்பவர்களும் உண்டு. ஸ்பீட் போஸ்ட் ரசீதில் எடை அச்சாகியிருக்கும், அதைத் தூக்கிப் போடாதீர்கள்.

பணத்துக்கு வருகிறேன். பணம் வாங்குவதற்கு யூபிஐ பின் நம்பரைப் போடவே தேவையில்லை, க்யூஆர் கோடை ஸ்கேன் செய்யவும் தேவையில்லை. 'ராணுவத்தில் இருக்கிறேன், வேறு ஊரில் டியூட்டி' என்று அடையாள அட்டைப் படம் அனுப்பி, 'இதை ஸ்கேன் பண்ணுங்க, பணம் வந்துடும்' என்கிறவரிடம் அந்த இடத்திலேயே பேச்சை முடித்துவிட வேண்டும். பணம் அனுப்பியதற்கு ஸ்கிரீன்ஷாட் காட்டினாலும், பத்து இலக்க மொபைல் எண்ணிலிருந்து வங்கி மெசேஜ் மாதிரி ஒன்று வந்தாலும் கணக்கில் கண்ணால் பார்க்காமல் பொருளை அனுப்பாதீர்கள். '1,000க்குப் பதில் தெரியாமல் 10,000 போட்டுவிட்டேன், மீதியைத் திருப்பி அனுப்புங்கள்' என்று அழுவதும் இதே வகைதான். உண்மையாகவே பணம் வந்திருந்தாலும் அது வேறு ஒருவரிடம் திருடிய பணமாக இருந்தால், போலீஸ் விசாரணையில் உங்கள் கணக்கு முடக்கப்படலாம். எதை யாருக்கு விற்றோம் என்று காட்ட, பேசிய மெசேஜ், பில், தபால் ரசீது மூன்றையும் வைத்திருங்கள்.

வைஷ்ணோ தேவி படம் போட்ட காசுக்கு லட்சக்கணக்கில் தருகிறோம் என்று விளம்பரம் செய்துவிட்டு, பதிவுக் கட்டணம், ஜிஎஸ்டி, கமிஷன் என்று விற்கிறவரிடமே பணம் கறக்கும் கூட்டம் தனி. ரிசர்வ் வங்கியின் பெயரையே இதற்குப் பயன்படுத்தியதால், தனக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, யாரிடமும் கட்டணமோ கமிஷனோ கேட்பதில்லை என்று அந்த வங்கியே 2021 ஆகஸ்டில் அறிவிக்க வேண்டி வந்தது. காசை வாங்க வந்தவர் காசு கேட்டால் அவர் வாங்க வரவில்லை.

வெளிநாட்டிலிருந்து நல்ல விலை சொல்கிறவர்களிடம் இன்னும் கவனம் வேண்டும். 1972ஆம் வருடத்துத் தொல்பொருள் சட்டப்படி 100 வருடத்துக்கு மேற்பட்ட காசு தொல்பொருள். தனியார் யாரும் அதை வெளிநாட்டுக்கு அனுப்பக் கூடாது, சித்தியின் 1911 ரூபாயும் இதில் அடக்கம். 'பரிசுப் பொருள் என்று எழுதி அனுப்புங்கள்' என்று அவர்களே சொல்லிக் கொடுப்பார்கள். அப்படி அனுப்பிய பிறகு அவர் பணத்தைத் திரும்பப் பிடுங்கிக்கொண்டால் நீங்கள் எந்தப் போலீசிடம் போய் நிற்பீர்கள்?

இவ்வளவையும் விற்கிறவர் தலையிலேயே கட்டுவது நியாயமில்லை என்பதுதான் என் கோபம். 2020ஆம் வருடத்து மின்வணிக விதிகள் நுகர்வோர் புகாரை 48 மணி நேரத்துக்குள் பெற்றுக்கொண்டதாகச் சொல்லி ஒரு மாதத்துக்குள் தீர்க்கச் சொல்கின்றன. நல்ல விதிதான், வேண்டியதுதான். ஆனால் ஒரே ஒரு காசு விற்ற வீட்டுப் பெண்மணியின் பேச்சைக் கேட்க அதே மாதிரி ஒரு கெடு இருக்கிறதா? திரும்பி வந்த பொருள் போன பொருள்தானா என்று பார்க்காமலே பணத்தைத் திருப்பிக் கொடுக்கும் தளங்கள், சேகரிப்புப் பொருள்களுக்காவது முதலில் இரண்டு படங்களையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும், தெரிந்த ஒருவரிடம் காட்ட வேண்டும், விற்றவரை ஒரு வார்த்தை கேட்க வேண்டும். இதை உங்கள் இதழ் அந்தத் தளங்களிடம் நேரடியாகக் கேட்டு, அவர்கள் சொல்லும் பதிலையும் அச்சிட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். கூடவே, இப்படிப்பட்ட கட்டுரை அடுத்த முறை வரும்போது, பணம் போனால் உடனே அழைக்க வேண்டிய 1930 என்ற எண்ணையும் பெரிய எழுத்தில் போடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
கும்பகோணம்